பால்குடிப் பிள்ளையின் உரிமையும் தாயின் உடல்நலமும்: ஹௌசாக் குடும்பங்களில் பிள்ளைப்பேற்று இடைவெளி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே எவ்வளவு காலம் விடவேண்டும் என்பதில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஹௌசாக் குடும்பங்கள் கொண்டுள்ள எண்ணமும், அவ்வெண்ணம் பெண்களின் உடல்நலத்தோடு கொண்டுள்ள தொடர்புமே இச்சொற்பொழிவின் பொருள். நைஜீரியாவின் வடபகுதியில் கானோ, கட்சினா, சாரியா, சொக்கோட்டோ ஆகிய பழைய நகரங்களிலும், எல்லைக்கு அப்பால் நைஜர் நாட்டின் மராடி, சின்டர் வட்டாரங்களிலும், அவற்றைச் சூழ்ந்து கம்பும் சோளமும் விளையும் ஊர்களிலும் பல கோடி ஹௌசா மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இசுலாமியச் சட்டப்பள்ளிகளுள் ஒன்றான மாலிக்கிப் பள்ளியைப் பின்பற்றுபவர்கள்.

மக்கள்தொகை பற்றிய நூல்களில் இம்மக்கள் பெரும்பாலும் எண்களாகவே தோன்றுகின்றனர். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் மொத்தக் கருவள வீதம், 2018 ஆம் ஆண்டின் தேசிய அளவாய்வின்படி நைஜீரியா முழுமைக்கும் 5.3 ஆக இருந்தபோது, ஹௌசா மக்கள் மிகுதியாக வாழும் வடமேற்கு வட்டாரத்தில் 6.6 ஆக இருந்தது. நைஜரில் 2012 இல் அது 7.6 ஆக இருந்தது. இவ்வெண்களைப் பார்ப்போர், ஹௌசா மக்கள் பிள்ளைப்பேற்றில் எவ்வகைத் திட்டமிடலையும் மறுப்பவர்கள் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர்.

அம்முடிவு பிழையானது என்பதும், பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதான் தீர்வுக்கான வழியும் இருக்கிறது என்பதும் இச்சொற்பொழிவின் வாதம். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவதை ஹௌசாச் சமூகம் ஏற்பதில்லை; ஆனால், பிள்ளைகளுக்கிடையே கால இடைவெளி வேண்டும் என்பதை எந்த அரசுத் திட்டமும் வருவதற்கு முன்பே அது அறநெறியாகக் கொண்டிருந்தது. அந்த அறநெறி பால்குடிக்கும் பிள்ளையின் உரிமையாக நிறுவப்பட்டுள்ளதேயன்றித் தாயின் உடல்நலத்துக்கான உரிமையாக இன்னும் நிறுவப்படவில்லை. கடக்கப்படாமல் இருக்கும் தொலைவு இதுவே. இவ்வாதம் ஏழு கூறுகளாக இங்கே விரித்துரைக்கப்படுகிறது.

1. மரபில் ஏற்கெனவே உள்ள விதி

ஹௌசாத் தாய் இடுப்புக்கு மேல் சுற்றிய துணியால் குழந்தையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உரலில் தானியம் இடிப்பதையும் நீர் சுமப்பதையும் எந்த ஊரிலும் காணலாம். முதுகில் சுமப்பதையும் பாலூட்டி வளர்ப்பதையும் சேர்த்து அம்மக்கள் ‘கோயோ’ என்கின்றனர். அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடிக்கவேண்டும் என்பது பொது வழக்கு. அக்காலம் முடிந்ததும் பால்குடி மறக்கடிக்கப்படுகிறது. அதை எளிதாக்குவதற்காகக் குழந்தையைச் சில நாட்களோ பல மாதங்களோ பாட்டி வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு.

பால்குடி மறவாத பிள்ளை இருக்கும்போதே தாய் மீண்டும் கருவுறுவது ‘கொனிக்கா’ எனப்படுகிறது. கொனிக்கா நேர்ந்த பெண்ணை அண்டை வீட்டுப் பெண்கள் பழித்துப் பேசுகின்றனர்; அவளுடைய கணவனும் பொறுமையற்றவன் என்ற பெயரைப் பெறுகிறான். அவர்களுடைய கைக்குழந்தை மெலிந்தாலோ வயிற்றுப்போக்கு கண்டாலோ, அதற்கு அக்கருவே காரணம் என்று ஊர் தீர்ப்புச் சொல்கிறது. மேரி ஸ்மித் ஒரு முதிய ஹௌசாப் பெண்ணிடம் கேட்டெழுதி 1954 இல் வெளியிட்ட ‘காரோ ஊர் பாபா’வின் வாழ்க்கை வரலாற்றில் இவ்விதி நுட்பமான வேறுபாட்டோடு கூறப்படுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்திருப்பதால் மட்டும் பால் கெடுவதில்லை என்றும், இன்னொரு கரு தங்கினால்தான் மூத்த பிள்ளைக்குக் கேடு விளைகிறது என்றும் அம்மூதாட்டி விளக்குகிறார்.

கருவுற்ற தாயின் பால் நஞ்சாவதில்லை என்பது இன்றைய மருத்துவ அறிவு. எனினும் அந்நம்பிக்கைக்குப் பின்னால் இருந்த கூர்நோக்கு பொய்யன்று. அடுத்த பிள்ளை விரைந்து வந்ததால் தாய்ப்பாலை இழந்து, மாவுக்கஞ்சியை மட்டுமே உண்ணும் மூத்த குழந்தைகளிடம் காணப்பட்ட குவாஷியார்க்கர் என்னும் சத்துக்குறை நோயை, 1930களில் அதே மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் சிசெலி வில்லியம்ஸ் மருத்துவ உலகுக்கு விளக்கினார். கொனிக்காவைப் பழித்த ஹௌசாப் பெண்கள் கண்டதும் அதே உண்மையே.

2. சமயச் சட்டத்தில் அதற்குள்ள அடித்தளம்

தாய்மார் முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் (2:233) குறிப்பிடுகிறது. கருச்சுமத்தலும் பால்குடி மறத்தலும் சேர்ந்து 30 மாதங்கள் என்று 46:15 கூறுகிறது. ஹௌசா ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்கும் மாலம்கள், அதாவது சமய ஆசிரியர்கள், இடைவெளியைப் பற்றிப் பேசும்போது முதலில் எடுத்துக்காட்டுவன இவ்வசனங்களே.

பாலூட்டும் காலத்தில் உடலுறவு கூடாது என்று மாலிக்கிப் பள்ளி விதிப்பதில்லை. அப்பள்ளியின் மூலநூலான ‘முவத்தா’வில் உள்ள ஒரு செய்தியின்படி, நபிகள் அதைத் தடைசெய்ய எண்ணியபின், ரோமரும் பாரசீகரும் அவ்வாறு வாழ்ந்தும் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கேடு நேராததைக் கருதி அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். உறவுக்குத் தடையில்லை என்றாகும்போது, கருத்தரிப்பைத் தவிர்க்க என்ன வழி என்ற கேள்வி எழுகிறது. அதற்கு ‘அஸ்ல்’ எனப்படும் முறையை, அதாவது கணவன் விந்தைப் புறத்தே விடுவதை, இமாம் மாலிக் அனுமதித்தார். ஆனால் மனைவியின் இசைவின்றி அதைச் செய்யலாகாது என்றார். பிற்காலத்தில் பெருஞ்சிந்தனையாளரான கஸ்ஸாலி, பேறுகால ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதும் அதற்குரிய நியாயங்களுள் ஒன்று என எழுதினார். மனைவியின் இசைவும் உயிரும் இசுலாமியச் சட்ட மரபில் எடைபோடப்பட்டுள்ளன என்பது இவ்வுரையின் இறுதிப் பகுதிக்கு வேண்டிய செய்தி.

அன்றாட வாழ்வில் ஹௌசாப் பெண்கள் நாடிய வழிகள் வேறு. மாலம் மரப்பலகையில் மையால் சமய வசனங்களை எழுதி, அவ்வெழுத்தை நீரால் கழுவி, அந்நீரைக் குடிக்கத் தருவார். ‘ருபுத்து’ எனப்படும் இதனையும், இடுப்பில் கட்டும் தாயத்தையும், வேர் மருந்துகளையும் கரு தங்காதிருக்கப் பெண்கள் பயன்படுத்தி வந்துள்ளனர். இவற்றின் மருத்துவப் பயன் ஒருபுறம் இருக்க, கருத்தரிப்பைத் தள்ளிவைக்கும் விருப்பம் அப்பெண்களிடம் இருந்தது என்பதற்கும், அவ்விருப்பத்தை மாலம்களே அறமென ஏற்று உதவினர் என்பதற்கும் இவ்வழக்குகள் சான்றாகின்றன.

3. விதி காப்பது யாரை?

இவ்வளவு உறுதியான விதி இருந்தும் அது கேட்கும் கேள்வி ஒன்றே: ‘பிள்ளைக்குப் பால் நிறைவாகக் கிடைத்ததா?’ தாயின் குருதியும் வலுவும் மீண்டனவா என்ற கேள்வி அதில் இல்லை. பால்குடிப் பிள்ளை இறந்துவிட்டால் இடைவெளிக்கான காரணமும் அதனோடு போய்விடுகிறது. பேறுகால இழப்பைத் தாங்கிய உடல் உடனே மறு கருவைச் சுமக்கவேண்டியதாகிறது. வடமேற்கு நைஜீரியாவில் உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளுள் 187 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தனர் என்று 2018 ஆம் ஆண்டின் அளவாய்வு காட்டியிருப்பதை நோக்கினால், இது அரிதாக நேரும் நிலையன்று என்பது புலனாகும்.

பேறுற்ற பெண்ணைச் சமூகம் கவனிப்பதில்லை என்று இதற்குப் பொருளில்லை. பிள்ளை பிறந்த நாள் முதல் 40 நாட்கள், மூத்த பெண்கள் அவளுக்கு விடியலிலும் மாலையிலும் கொதிநிலையை நெருங்கிய நீரில் இலைக்கொத்தைத் தோய்த்து உடலெங்கும் வீசிக் குளிப்பாட்டுகின்றனர். குளிர் அண்டாதிருக்க அடியில் நெருப்பிட்ட மண்கட்டிலில் படுக்க வைக்கின்றனர். ‘கன்வா’ என்னும் உவர்மண் உப்பை மிகுதியாகச் சேர்த்த கஞ்சியைப் பால் பெருகுவதற்காகக் கொடுக்கின்றனர். அன்பால் விளையும் இக்கவனிப்பிலும் ஆபத்து கலந்திருப்பதைச் சாரியா நகர மருத்துவர்கள் 1970களில் கண்டனர். பேற்றுக்குப்பின் இதயத்தசை தளர்ந்து உடல் வீங்கும் நோய் அங்கே ஏறத்தாழ 100 பேறுகளுக்கு ஒன்று என்ற அளவில், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. உப்பும் வெப்பமும் சேர்ந்து இதயத்தின் சுமையைக் கூட்டுவதை அவர்கள் காரணமாகச் சுட்டினர். பின்வந்த ஆய்வுகள் வேறு காரணங்களையும் சேர்த்து ஆராய்கின்றன.

நாற்பதாம் நாளோடு இக்கவனிப்பு முடிகிறது. அதன்பின் தாயின் உடல் பாலூட்டும் உடலாக மட்டுமே நோக்கப்படுகிறது. ஆனால், கருவுறுதலாலும் பாலூட்டலாலும் குறைந்த இரும்புச்சத்தும் பிற ஊட்டங்களும் மீளக் காலம் வேண்டும். உயிருள்ள பிள்ளை பிறந்தபின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதங்களும், கருச்சிதைவுக்குப்பின் குறைந்தது 6 மாதங்களும் காத்திருக்கவேண்டும் என்ற பரிந்துரை, உலக நலவாழ்வு அமைப்பு 2005 இல் கூட்டிய அறிஞர் கூட்டத்தில் வகுக்கப்பட்டது. முதற்பகுதி ஹௌசா மரபின் இரண்டு ஆண்டோடு பொருந்துகிறது. இரண்டாம் பகுதிக்கு, அதாவது மடியில் பிள்ளையில்லாத தாய்க்கு, மரபில் இணையான விதி இல்லை.

இதனோடு ‘குன்யா’ என்னும் நாணநெறியையும் சேர்த்து எண்ணவேண்டும். முதற்பிள்ளையைத் தாய் பெயர் சொல்லி அழைப்பதையும் பிறர்முன் கொஞ்சுவதையும் தவிர்ப்பது அந்நெறி. பேற்று வலியை ஒலியெழுப்பாது தாங்குவதும் அந்நெறியே. தன் உடலின் நோவை வாய்விட்டுச் சொல்லாதிருப்பதே பெண்ணின் பெருமை என்று போற்றப்படும் இடத்தில், உதவி காலம் தாழ்ந்தே வருகிறது. தடைபட்ட பேற்றில் நாட்கணக்கில் வலியுற்று, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் கசிவதால் ஒதுக்கப்பட்ட இளம்பெண்கள் வட நைஜீரியாவில் ஏராளம். டச்சு மருத்துவர் கேஸ் வால்டைக் 1980கள் முதல் கட்சினாவை மையமாகக் கொண்டு அத்தகையோருக்கு அறுவை மருத்துவம் செய்து, உள்ளூர் மருத்துவர்களையும் பயிற்றுவித்து வந்துள்ளார்.

4. விதி ஏன் போதாமற்போகிறது?

இரண்டாண்டு இடைவெளி அறமென ஏற்கப்பட்டும் பல குடும்பங்களில் அது காக்கப்படாமைக்கு உடலியற் காரணம் ஒன்று உண்டு. பாலூட்டல் கருத்தரிப்பைத் தடுப்பது உண்மையே. ஆனால், பிள்ளை ஆறு மாதத்துக்கு உட்பட்டிருந்து, தாய்ப்பாலை மட்டுமே உண்டு, தாய்க்கு மாதவிலக்கும் திரும்பாதிருந்தால்தான் அத்தடுப்பு 98 விழுக்காட்டுக்கு மேல் நம்பத்தக்கது என்று 1988 இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் வரையறுத்தனர். எஞ்சிய பதினெட்டு மாதங்களை முற்காலத்தில் கணவன் மனைவியர் விலகியிருத்தலும், முதற்பேற்றுக்குத் தாய்வீடு சென்ற பெண் அங்கே நெடுநாள் தங்குதலும் ஓரளவு நிரப்பின. அவ்வழக்கங்கள் சுருங்கியபின், அந்த இடத்தை நம்பகமான வேறு முறை எதுவும் பரவலாக நிரப்பவில்லை.

சமூகக் காரணங்களும் உண்டு. பலதார மணமுள்ள வீட்டில் சக்களத்தியர் பெறும் பிள்ளைகள் ஒப்பிடப்படுகின்றனர். தந்தையின் சொத்து பிள்ளைகளிடையே பங்கிடப்படுவதால், ஒரு மனைவியின் பிள்ளைகள் குறைந்தால் அவள் வழிக்குச் சேரும் பங்கும் குறைகிறது. மணமுறிவு மிகுந்த சமூகத்தில் பிள்ளைகளே பெண்ணின் முதுமைக்குத் துணை. மேலும், ‘குல்லே’ எனப்படும் இல்லுறை வாழ்வில் பகலில் வெளியே செல்லாத பெண்கள், சமைத்த பண்டங்களைப் பிள்ளைகள் வழியாகத் தெருவில் விற்றுத் தமக்கெனப் பொருள் ஈட்டுவதை 1970களில் கானோ நகரில் ஆய்ந்த மானிடவியலாளர் ஈனிட் ஷில்ட்கிரவுட் விரிவாக எழுதியுள்ளார். ஆகவே, பல பிள்ளைகளை விரும்பும் ஹௌசாப் பெண்ணை அறியாமை உடையவள் என்பது பொருந்தாது. தன் சூழலில் தனக்குக் காப்பாக அமைவதையே அவள் நாடுகிறாள்.

5. எண்ணிக்கையோடு வந்த திட்டங்கள்

நைஜீரிய அரசு 1988 இல் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை, ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள் என்பதை இலக்காக வைத்தது. நான்கு மனைவியர்வரை மணக்கக்கூடிய ஆணின் பிள்ளைகளுக்கு வரம்பில்லாமல் பெண்ணுக்கு மட்டும் வரம்பு வைத்தது அநீதி என்று பெண்கள் கருதினர். வடபகுதி இசுலாமியரின் எண்ணிக்கையைக் குறைக்கும் சூழ்ச்சி என்று சமயத் தலைவர்கள் கருதினர். உணவளிப்பவன் இறைவன் என்றிருக்க, எண்ணிக்கையை மனிதன் முடிவுசெய்வது நம்பிக்கைக் குறைவு என்று பொதுமக்கள் கருதினர். தலைகளை எண்ணுவதற்கேற்ப அரசியல் அதிகாரமும் நிதியும் பங்கிடப்படும் நாட்டில் சூழ்ச்சி என்ற ஐயம் வலுப்பெற்றதில் வியப்பில்லை.

அந்த ஐயம் எவ்வளவு ஆழமானது என்பதை 2003 ஆம் ஆண்டு உலகம் கண்டது. இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்தில் மலடாக்கும் பொருள் கலந்திருப்பதாகக் கிளம்பிய பேச்சால் கானோ மாநிலம் அம்மருந்தை நிறுத்தியது. 1996 இல் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் நடத்திய மருந்துச் சோதனை பற்றிய கசப்பும் அதனோடு சேர்ந்தது. இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் செய்த மருந்தைத் தருவித்தபின், 2004 இல்தான் பணி மீண்டும் தொடங்கியது. மக்கள் நம்பாத இடத்தில் உயிர்காக்கும் மருந்தும் நுழையமுடியாது என்பதே இந்நிகழ்ச்சி புகட்டிய பாடம்.

6. இடைவெளியின் வழியாக வந்த மாற்றம்

வடபகுதியில் பணியாற்றிய மகப்பேற்று நலப் பணியாளர்கள் காலப்போக்கில் எண்ணிக்கையைப் பேசுவதை விடுத்து, ‘தஸாரார் ஹைஹுவா’ என்று அம்மக்களே வழங்கும் பேற்று இடைவெளியைப் பேசத் தொடங்கினர். பால்குடிப் பிள்ளையின் நலனுக்காக இரண்டு ஆண்டு காத்திருக்கும் பழைய கடமைக்கு ஊசியும் மாத்திரையும் கையின் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியும் துணைக்கருவிகள் என்று சொன்னபோது, மாலம்களும் அரசவைத் தலைவர்களும் செவிசாய்த்தனர். நைஜரின் சின்டர் வட்டாரத்தில் ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2007 இல் தொடங்கிய ‘கணவர் பள்ளி’களில், மணமான ஆண்கள் ஓரிடத்தில் முறையாகக் கூடி, மனைவியர் பேறுகாலப் பரிசோதனைக்கும் மருத்துவமனைப் பேற்றுக்கும் செல்லத் தடையாக இருப்பவற்றைத் தாமே பேசித் தீர்வுகாணப் பழகினர்.

எனினும், இங்கேயும் ஓர் எல்லை தென்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பெண்கள் பலர் விரும்புவதற்கு ஒரு காரணம், வீட்டில் அதன் தடயம் எதுவும் இராது என்பதே. நலவாழ்வு நிலையங்களிலோ, கணவரின் ஒப்புதல் உண்டா என்று பணியாளர்களே கேட்கும் வழக்கம் இருந்து வருகிறது. பிள்ளைக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு பெண் ஊரறியச் சொல்லலாம். என் உடல் தளர்ந்துவிட்டது, எனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்வதற்கு இன்னும் மறைவிடம் தேடவேண்டியிருக்கிறது.

7. தாயின் நலம் என்னும் தனி நியாயம்

நைஜீரியாவில் 1,00,000 உயிர்ப்பேறுகளுக்கு 512 தாய்மார் இறந்ததாக 2018 ஆம் ஆண்டின் அளவாய்வு கணித்தது. பயிற்சி பெற்றோர் துணையின்றி நிகழும் பேறுகள் வடமேற்கில் மிக அதிகம். இந்நிலையில், தாயின் உடல்நலம் பிள்ளையின் நலனுக்குப் பின்னால் நிற்கும் காரணமாக இல்லாமல், தன்னளவில் போதுமான காரணமாக ஏற்கப்படவேண்டும். அதற்கான சொல்லும் சான்றும் அச்சமூகத்துக்கு வெளியே இருந்து வரவேண்டியதில்லை. தாய் தளர்ச்சிமேல் தளர்ச்சியுற்றுப் பிள்ளையைச் சுமந்ததைக் குர்ஆனே (31:14) எடுத்துரைக்கிறது. மனைவியின் இசைவை மாலிக்கும், அவளுடைய உயிரைக் கஸ்ஸாலியும் நியாயமாக ஏற்றனர். பால்குடிப் பிள்ளையின் உரிமைக்குக் காட்டப்பட்ட அதே நூல்மரபு, தாயின் உரிமைக்கும் இடம் தருகிறது.

அதை எடுத்துச் சொல்லும் பெண்குரலும் அம்மரபில் உண்டு. சொக்கோட்டோ கிலாபத்தை நிறுவிய உஸ்மான் தான் ஃபோதியோவின் மகள் நானா அஸ்மாவு (1793–1864), ஹௌசா, ஃபுல்ஃபுல்தே, அரபு ஆகிய மொழிகளில் எழுதிய அறிஞர். ஊர்ப்புறப் பெண்களுக்குக் கல்வி கொண்டுசெல்ல ‘யான் தாரு’ என்னும் ஆசிரியைக் குழுக்களை அமைத்தவர். 1985 இல் தோன்றிய நைஜீரிய முசுலிம் மகளிர் சங்கங்களின் கூட்டமைப்பு அவ்வழியில் கல்வியிலும் நலவாழ்விலும் பணியாற்றுகிறது. இல்லுறை வாழ்விலுள்ள பெண்ணின் வாசலைக் கடந்து உள்ளே சென்று பேசக்கூடியவர்கள் இத்தகைய பெண்களே. ஆகவே திட்டங்களின் பொருளும் பொறுப்பும் முதலில் அவர்களிடம் சேரவேண்டும்.

இங்கே கூடியுள்ள மருத்துவ, சமூகவியல் மாணவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஒரு சமூகம் எதை மறுக்கிறது என்று எழுதுவதற்கு முன், அது ஏற்கெனவே எதை அறமெனக் காத்து வருகிறது என்று கேளுங்கள். கேட்டபின், அவ்வறத்தின் நிழல் யார்மீது இன்னும் விழவில்லை என்பதையும் தயங்காமல் கேளுங்கள். ஹௌசாச் சமூகத்தைப் பொறுத்தவரை முதற்கேள்விக்கு விடை பால்குடிப் பிள்ளை. இரண்டாம் கேள்விக்கு விடை அப்பிள்ளையைச் சுமந்து நிற்கும் தாய். அவளுடைய நலத்துக்கு வேறெந்தக் காரணமும் தேவையில்லை என்று சமூகம் ஏற்கும்வரை, பிள்ளைப்பேற்று இடைவெளி பற்றிய பணி முடிந்ததாகாது.